பேஷ்கார் வீட்டு விஷம்

அத்தியாயம் ஒன்பது

நாய் சாகவில்லை. அதில் மனம் ஒடிந்து போனவர் பேஷ்கார் முத்துராமன் ஒருவர்தான்.

முந்தாநாள் மத்தியானம் அவருடைய மருமகள் அமராவதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே உதடு தடித்து, கண் இடுங்கி, மூச்சு விட முடியாமல் இலைமேல் சாய்ந்தாள். டிஸ்பென்சரி கம்பவுண்டர் சைக்கிளில் பறந்து வந்து ஊசி போட்டதில் உயிர் தங்கியது. ஐப்பசியிலும் இதே மாதிரி ஒரு தடவை நடந்திருந்தது. இரண்டு தடவையும் அவள் இலையில் மிச்சம் விட்டதைத் தின்றது வீட்டு நாய். அந்த நாய் இப்போது துப்பறியும் சவரிநாதனின் பூட்ஸ் நாடாவைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"நல்லாப் பாத்தீங்களா? லேசா நுரை கிரை தள்ளலையா?" என்றார் பேஷ்கார்.

"தள்ளுச்சுங்க," என்றான் சவரிநாதனின் உதவியாள் சேவுகன். "சார் பூட்ஸை நக்கின பெறகுதான்."

சவரிநாதன் திரும்பி முறைத்தார். மாதத்துக்கு முப்பது நாளும் வாங்குகிற முறைப்பு என்பதால் சேவுகன் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை.

திருவரங்குளத்தில் பேஷ்கார் என்றால் முத்துராமன்தான். தாசில் கச்சேரியில் பார்த்த உத்தியோகம் பெயராகவே ஒட்டிக்கொண்டது. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. சமஸ்தானம் சேர்ந்துகொண்டது, பேஷ்கார் இன்னும் சேரவில்லை. கூடத்துச் சுவரில் தர்பார் போட்டோ ஒன்று ஆளுயரக் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அதன் ஓரத்தில் தெரிகிற முழங்கை தன்னுடையது என்று வருகிறவர்கள் எல்லாருக்கும் அவர் காட்டுவார். முழங்கைக்கு மேல் உள்ள பேஷ்காரைப் போட்டோகிராபர் வேண்டாம் என்று விட்டுவிட்டதைப் பற்றிப் பேச மாட்டார்.

விஷம் வைத்தது தனக்குத்தான், மருமகள் நடுவில் வந்து மாட்டிக்கொண்டாள் என்பது அவருடைய கட்சி. போலீஸ் இன்ஸ்பெக்டர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புப் பொறுக்காமல்தான் புதுக்கோட்டை கீழராஜவீதியில் 'துப்பறியும் நிபுணர்' என்று போர்டு மாட்டியிருந்த சவரிநாதனுக்கு ஆள் அனுப்பினார். சவரிநாதன் ஆவூர்ப் பக்கத்துக்காரர். சமஸ்தானப் போலீசில் ஹெட்கான்ஸ்டபிளாக இருந்தவர். பங்குனி வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர்.

"எனக்கு வெஷம் வைக்கக்கூடிய பெரிய மனுஷங்க இந்தத் தாலுகாவுல ஏழெட்டுப் பேர் இருக்காங்க," என்றார் பேஷ்கார், மகளைப் பெண் கேட்டு வந்த வீடுகளை அடுக்குகிற பெருமையோடு.

"உங்க மருமக உங்க சட்டியில இருந்தா சாப்பிடுறாங்க?" என்றார் சவரிநாதன்.

"அதெங்க. அவளுக்குத் தனி அடுப்பு, தனிச் சட்டி, தனிக் கரண்டி. விராலிமலைக்காரி. பிள்ளை பொறக்கிற வரைக்கும் தன் கையால பொங்கினதை மட்டும்தான் திங்கிறதுன்னு முருகனுக்கு நேர்ந்துக்கிட்டு வந்திருக்கா."

"கல்யாணம் ஆகி?"

"மூணு வருஷம். பிள்ளையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அந்தக் காலமா இருந்தா எம் பையனுக்கு இந்நேரம் இன்னொண்ணு பாத்து முடிச்சிருப்பேன். எங்கப்பாருக்கு மூணு சம்சாரம். இப்பத்தான் சட்டம் போட்டுட்டானே, ஒருத்தி உசுரோட இருக்கையில இன்னொருத்தியக் கட்டினா ஜெயிலுன்னு."

"அவங்க அப்பா வீட்டுக்கே அனுப்பி வச்சிடலாமேங்க," என்றான் சேவுகன்.

பேஷ்கார் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். "இந்த வீட்டுல இருந்து மருமகளைத் திருப்பி அனுப்பின சரித்திரமே கிடையாது, தம்பி."

"எல்லாரும் நல்லா இருந்தாங்களா?"

"எல்லாரும் இங்கேயேதான் செத்தாங்க," என்றார் பேஷ்கார், அதையும் ஒரு பட்டமாக.

சவரிநாதன் எழுந்தார். "உங்க சட்டிக்கு வச்ச வெஷம் பக்கத்து அடுப்புக்கு நடந்து போகாதுங்க. உங்களுக்கு யாரும் வைக்கல."

"யாருமேயா?"

"யாருமே."

"முயற்சிகூடப் பண்ணலையா?" பேஷ்கார் சுவரில் இருந்த தன் முழங்கையைப் பார்த்தார். கொல்லுவதற்குக்கூட ஆள் இல்லாத பெரிய மனிதரைச் சேவுகன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

*

அடுக்களையில் பேஷ்காரின் மனைவி கண்ணாத்தாள் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். ஆண்கள் உள்ளே நுழைந்ததற்கு எழுந்திருக்கவும் இல்லை, வாங்க என்று சொல்லவும் இல்லை. இந்தப் பக்கம் பெரிய அடுப்பு. அந்த மூலையில் மூன்று செங்கல் வைத்த சின்ன அடுப்பு; அதன்மேல் ஒரு மண்சட்டி, கவிழ்த்த கரண்டி ஒன்று. சவரிநாதன் இரண்டையும் பார்க்கவில்லை. அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தார்.

"சேவுகா, மேல என்ன தெரியுது?"

"ஒட்டடைங்க, சார்."

"ஒட்டடைக்கு நடுவுல."

மஞ்சள் துணியில் காசு முடிந்து கட்டியிருந்தது. ஆபத்து வந்தால் சாமிக்கு ஒரு காசை இப்படி முடிந்து வைப்பதும், தீர்ந்ததும் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். இங்கே இரண்டு முடிச்சுகள் தொங்கின. ஒன்று புகையேறிக் கறுத்திருந்தது. மற்றது மஞ்சள் மங்காமல் இருந்தது.

"மருமக பொழைக்கணும்னு முடிஞ்சதுங்களா?" என்றார் சவரிநாதன்.

"ஆமா."

"ஐப்பசியில ஒண்ணு, முந்தாநாள் ஒண்ணு?"

"ஆமாங்கிறேன்ல."

"சேவுகா, மருமக பொழைக்கணும்னு ரெண்டு தடவை காசு முடிஞ்ச மாமியாரை நீ எங்கயாச்சும் பாத்திருக்கியா?"

"இல்ல சார். பொழைக்கக் கூடாதுன்னு முடிஞ்சவங்களைப் பாத்திருக்கேன். எங்க அத்தை."

சவரிநாதன் ஒரு மணையை இழுத்துப் போட்டுக் கண்ணாத்தாளுக்கு எதிரே உட்கார்ந்தார். "பாசத்துல யாரும் காசு முடியிறதில்லங்க. பயத்துலதான் முடிவாங்க. என்ன பண்ணுனீங்க?"

சல்லடை நின்றது. கண்ணாத்தாள் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"மூணு வருஷமா என் கை பட்டதை ஒரு வாய் திங்கல. ஊரே எங் கொழம்புக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு வருது, இவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ரசத்தைக் கரைச்சுக் குடிக்கிறா. எனக்கு மட்டும் ரோஷம் இருக்காதா? அவ தண்ணிக்குப் போன நேரத்துல எங் கொழம்புல ஒரு கரண்டிய அவ சட்டியில ஊத்திக் கலக்கி விட்டேன். வெரதம் கலைஞ்சா என்னதான் ஆகுதுன்னு பாப்போமேன்னு."

"என்ன ஆச்சு?"

"விழுந்துட்டா. முருகன் கோவிச்சுக்கிட்டான்னு பயந்து காசை முடிஞ்சேன்."

"சரி. முந்தாநாள்?"

"முருகன்தானான்னு பாத்தேன்."

சேவுகன் அண்ணாந்து இரண்டாவது முடிச்சைப் பார்த்தான்.

"அந்தக் கொழம்புல என்னென்ன போடுவீங்க?" என்றார் சவரிநாதன்.

இப்போதுதான் அவள் முகம் மலர்ந்தது. "தேங்கா, சோம்பு, கசகசா, வறுத்த நெலக்கடலை. கடலைதான் எங்க வீட்டுக் கைப்பக்குவம். அம்மியில மைய அரைச்சு ஊத்தினா கரண்டி நட்டுக்கிட்டு நிக்கும்."

*

பின்கட்டு அறையில் அமராவதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதட்டு வீக்கம் முழுக்க வடியவில்லை. அந்த வெக்கையிலும் கொல்லைப் பக்கத்து ஜன்னலை இறுக்கச் சாத்தி வைத்திருந்தாள்.

"ஏம்மா," என்றார் சவரிநாதன், "முருகனுக்கு எந்தப் பதார்த்தம் ஆகாது?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேவுகனைப் பார்த்தாள். கடைசியில், "முருகனுக்கு எல்லாம் ஆகும்ங்க. எனக்குத்தான் நெலக்கடலை ஆகாது," என்றாள்.

சின்னப் பிள்ளையில் விராலிமலைத் தேரோட்டத்தின்போது ஒரு துண்டு கடலைமிட்டாய் தின்றிருக்கிறாள். தேர் நிலைக்கு வருவதற்குள் அவள் முகம் பூசணிக்காயாகிவிட்டது. பேய் என்று வேப்பிலை அடித்தார்கள். அடித்தும் போகாததால் மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"அங்க டாக்டரம்மாதான் சொன்னாங்க. அலர்ஜின்னு பேராம். மத்தவங்களுக்குச் சாப்பாடா இருக்கிறதை என் ஒடம்பு எதிரின்னு நெனச்சுக்கிட்டுச் சண்டை போடுதாம். அதுக்கு மருந்து கிடையாதுங்க. கிட்டச் சேக்காம இருக்கிறது ஒண்ணுதான். கடலைன்னு மட்டும் இல்ல, கடலை பட்ட கரண்டி, கடலை அரைச்ச அம்மி, செக்குல ஆட்டின கடலை எண்ணெய், எதுவும் கூடாது. தப்பித்தவறிப் பட்டுட்டா கசாயம் கிசாயம்னு உக்காந்திருக்காம ஊசிக்கு ஓடணும்னாங்க. எங்க ஆத்தா அன்னையோட வீட்டுல கடலைய நிறுத்திடுச்சு."

"கல்யாணம் பேசுறப்ப சொல்லலையா?"

"கடலை வெளையிற சீமையில, கடலை தின்னாச் செத்துப்போற பொண்ணை யாருங்க கட்டுவா? எங்கப்பாதான் முருகனைச் சொல்லிட்டாரு. வியாதின்னா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. வெரதம்னாக் கும்புட்டுட்டுப் போயிடுவாங்க. தனி அம்மி ஒண்ணுதான் கேட்டுப் பாத்தேன், அது மட்டும் கிடைக்கல. அரைக்காமலே பொங்கித் தின்னுக்கிட்டு இருக்கேன்."

"சரியாப் போச்சு," என்றான் சேவுகன். "நேராக் கூடத்துக்குப் போயி விஷயத்தைப் போட்டு ஒடைச்சிடலாம், சார்."

"வேணாங்க." அவள் குரல் உயரவில்லை, ஆனால் முதுகு சுவரை விட்டு எழுந்துவிட்டது. "தெரியாத வரைக்கும் திமிர் புடிச்சவன்னு வைவாங்க. வஞ்சுட்டுப் போகட்டும். தெரிஞ்சுதுன்னா நான் எப்புடிங்க உசுரோட இருப்பேன்? அந்த ஜன்னலுக்கு வெளியில மூட்டை மூட்டையாக் கடலைதான் காயுது."

"யார் மேலயாவது சந்தேகமா?"

"யார் மேலயும் இல்லங்க. இந்த வீட்டுல எல்லாரும் நல்லவங்கதான். வழி தெரியாததால நல்லவங்களா இருக்காங்க."

"உன் புருஷன் கண்ணுசாமி?"

"அவரும் நல்லவர்தாங்க. அவுக மாமன் மகளை நெனச்சுக்கிட்டே என்கிட்ட நல்லா இருக்காரு."

சவரிநாதன் கோட்டுப் பையில் கைவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். துப்புக் கிடைத்தாலும் அப்படித்தான் நிற்பார், பசித்தாலும் அப்படித்தான் நிற்பார் என்பதால் சேவுகனால் ஒன்றும் அனுமானிக்க முடியவில்லை.

"கசகசா ஆகுமா, உனக்கு?"

"நல்லா ஆகும்ங்க. ஆத்தா பாயசம் வைக்கும்."

"சேவுகா, நீ போயி நாய்கிட்டப் பேசிக்கிட்டு இரு."

*

சாயங்காலம் கூடத்தில் எல்லாரையும் கூட்டி வைத்தார் சவரிநாதன். பேஷ்கார் சாய்வு நாற்காலியில், கண்ணாத்தாள் தூணோரம், மகன் கண்ணுசாமி மைனர் செயினைத் திருகியபடி கதவோரம். துப்பறிகிற வேலையில் சவரிநாதனுக்குப் பிடித்த பகுதி இதுதான். கேஸ் தீர்ந்தாலும் தீராவிட்டாலும் கூட்டம் கூட்டாமல் விட மாட்டார்.

"உங்க மருமகளுக்கு யாரும் வெஷம் வைக்கல," என்று ஆரம்பித்தார். "சில பேருக்குச் சில பதார்த்தம் வெஷம். டாக்டருங்க இதுக்கு அலர்ஜின்னு பேரு வச்சிருக்காங்க. நமக்கு அது தீனி. அந்தப் பொண்ணுக்கு எமன். அந்தப் பதார்த்தம் என்னன்னு கேட்டீங்கன்னா..."

சேவுகன் பின்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பின்கட்டில் ஒரு பெண் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள். இந்த மனுஷன் கைதட்டலுக்கு ஆசைப்பட்டு அதை அவிழ்த்துக் கொட்டப் போகிறார்.

"கசகசா," என்றார் சவரிநாதன்.

போன மாதம் காணாமல் போன எருமையைத் தேடப் போய் ஒரு பசுமாட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் அவர். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துச் சேவுகன் வாயைத் திறந்தான். பூட்ஸ் கால் ஒன்று அவன் காலை மிதித்தது. வாயை மூடிக்கொண்டான்.

"இன்னொரு தடவை கசகசா உள்ள போச்சுன்னா அவ்வளவுதான். வயித்தைக் கீறிப் பாத்தாலும் டாக்டருக்கு ஒண்ணும் தெரியாது. பாயசம்தான் இருக்கும். பாயசத்துக்குப் போலீஸ் விலங்கு மாட்ட முடியாது பாருங்க."

முதலில் கண்ணுசாமிதான் தொண்டையைச் செருமினான். "கம்பவுண்டர் ஊசிக்கும் கேக்காதுங்களா, சார்?"

"அவர் சைக்கிள்ள ஏறுறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"எம்புட்டுப் போட்டா ஆகாது?" என்றாள் கண்ணாத்தாள். "ஒரு சிட்டிகையா, ஒரு கையா?"

"ஒரு கரண்டி போதும்."

பேஷ்கார் மீசையை நீவினார். "அப்புடி ஏதாச்சும் ஆயிட்டா, அந்த சர்டிபிகேட்டுல என்ன வியாதின்னு எழுதுவாங்க?"

"மாரடைப்புன்னு எழுதுவாங்க."

"ம். கௌரவமான வியாதிதான்."

வெளியே வந்ததும் சவரிநாதன் கேட்டார்: "என்னடா கவனிச்சே?"

"பரவாயில்ல சார், அக்கறையாத்தான் கேட்டாங்க."

"எப்புடிக் காப்பாத்துறதுன்னு ஒருத்தரும் கேக்கலைடா." சவரிநாதன் பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டார். "மூணுல ஒண்ணு எலி. எதுன்னு நாளைக்குப் பொறி சொல்லிடும். அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். கசகசாதானே, அவளுக்கு ஒண்ணும் ஆகாது."

*

மறுநாள் காலையில் தெருவே கேட்கும்படி விடைபெற்றுக்கொண்டு வாடகைக் காரில் ஏறினார்கள். காரைக் கோயில் பக்கம் நிறுத்திவிட்டுக் கொல்லை வழியாகத் திரும்பி வந்து, அமராவதியின் அறையை ஒட்டிய களஞ்சிய அறையில், இடைக்கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு நெல் குதிருக்குப் பின்னால் பதுங்கினார்கள். கோட்டோடு பதுங்கியதால் சவரிநாதன் மட்டும் பாதி வெளியே தெரிந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் முதல் ஆளாகக் கண்ணுசாமி வந்தான். காலை பஸ்ஸிலேயே டவுனுக்குப் போய் வந்திருக்கிறான். கையில் மந்தார இலைப் பொட்டலம். "கசகசா அல்வா" என்று சொல்லாமல், "தெம்புக்கு நல்லதாம்" என்றான். கல்யாணமான புதிதில் வாங்கி வராத அல்வா.

சவரிநாதன் சேவுகனின் விலாவில் இடித்தார். எலி.

கண்ணுசாமி பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் கண்ணாத்தாள் மூடிய தூக்குப் போணியோடு நுழைந்தாள். மகனைப் பார்த்ததும் நின்றாள்.

"நீ எங்கடா இங்கிட்டு?"

"சும்மாத்தாம்மா. நீ?"

"பாயசம். ஒடம்பு தேறட்டுமேன்னு."

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் வாசலில் செருமல் கேட்டது. சமஸ்தானம் கொடுத்த வெள்ளி டம்ளரில் பாலை ஏந்திக்கொண்டு பேஷ்காரே வந்தார். பாலின் மேல் கசகசா விழுது மிதந்தது.

சவரிநாதன் சேவுகன் காதில் முனகினார். "ஒரு எலிக்குத்தாண்டா பொறி வச்சேன்."

"குடும்பத்தோட வந்திருக்காங்க சார், சாப்பாடு போட்டுத்தான் அனுப்பணும்."

அறைக்குள் மூன்று பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. யாரும் யாரையும் தடுக்கவில்லை. பேஷ்கார்தான் நிலைமையைக் கையில் எடுத்துக்கொண்டார். "எல்லாரும் ஒரே நேரத்துல குடுத்தா பலவீனமான ஒடம்பு தாங்காது. முறைன்னு ஒண்ணு இருக்கு. பெரியவங்க கையால மொதல்ல வாங்கிக்கட்டும்."

"நான் வந்து எம்புட்டு நேரமாச்சுப்பா. பஸ் ஏறிப் போயி வாங்கியாந்திருக்கேன்."

"பொம்பளைக்குப் பொம்பளை குடுக்கிறதுதான் மொறை," என்றாள் கண்ணாத்தாள். "நீங்க ரெண்டு பேரும் அங்கிட்டுத் தள்ளுங்க."

முன்னுரிமைச் சண்டை ஓய்ந்ததும் அமராவதி கையை நீட்டி அல்வாவை வாங்கி முகர்ந்து பார்த்தாள். இலை முழுக்க எண்ணெய் கசிந்திருந்தது. கடைக்காரன் எந்த எண்ணெயில் கிளறினானோ. பொட்டலத்தை மூடித் திருப்பிக் கொடுத்தாள். "இது வேணாங்க."

"மாமா, இந்தக் கசகசாவ எதுல அரைச்சீங்க?"

"அடுக்களை அம்மியிலதான்." பேஷ்கார் சிவந்த உள்ளங்கையைக் காட்டினார். பிறந்ததிலிருந்து ஒரு மிளகைக்கூட நுணுக்காத கை. "நானே என் கையால அரைச்சேன்."

டம்ளரை அவள் தொடவே இல்லை.

குதிருக்குப் பின்னால் சவரிநாதனுக்குக் கோட்டுக்குள் வியர்த்தது. கசகசா ஆகும் என்று கேட்டுக்கொண்டவர், கடலை அரைத்த அம்மியை மறந்துவிட்டார். பொறி வைத்தவரே அந்தப் பெண்ணைக் கொல்ல இருந்தார். எழுந்து ஓடப் பார்த்தவரின் கோட்டைச் சேவுகன் பிடித்து இழுத்தான். உள்ளே அவள் அவரைவிட நன்றாகத் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நீங்க எதுல அரைச்சீங்க?"

"புது அம்மி. காலையில கல்லுக்காரன் வண்டியில வந்துச்சு, வாங்கினேன்."

"சட்டி?"

"புதுச் சட்டி. கரண்டியும் புதுசு. எண்ணெய் ஒரு பொட்டுப் படல."

"அரிசியும் வெல்லமும்?"

"கடையில இருந்து நேரா வந்தது. வீட்டுப் பானையில கைய வைக்கல."

"ஏன் அத்தை அப்படி?"

"பின்ன? பழைய அம்மியில இதுக்குன்னு அரைச்சா அப்பறம் நாங்க அதுல எப்புடி அரைச்சுத் திங்..." கண்ணாத்தாள் நிறுத்திக்கொண்டாள்.

மூன்று வருஷமாகக் கேட்டும் அமராவதிக்குக் கிடைக்காத தனி அம்மி, அவளைக் கொல்ல நினைத்த அன்று கிடைத்துவிட்டது. அந்த வீட்டில் அவளுக்காக அவ்வளவு சுத்தமாக யாரும் எதையும் சமைத்ததில்லை.

அவள் தூக்குப் போணியை வாங்கி விளிம்பில் ஒரு சொட்டை உதட்டில் தொட்டு வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பொறுத்தாள். அரிப்பு இல்லை, எரிச்சல் இல்லை. பிறகு குடிக்க ஆரம்பித்தாள்.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாத்தாளின் கண் அவள் உதட்டில் இருந்தது. கண்ணுசாமி கூடத்துப் பக்கக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு அதில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டான். பேஷ்கார் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார், வாயைப் பொத்தி அழத் தோதாக.

அமராவதி அவசரமே படவில்லை. ஒரு வாய் குடித்தாள். மாமனாரைப் பார்த்தாள். இன்னொரு வாய் குடித்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"மூச்சு முட்டுதா?" என்றான் கண்ணுசாமி. அவ்வளவு அன்பாக அவன் அவளிடம் எதையும் கேட்டதில்லை.

"இல்லீங்க." அவள் போணியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். "இன்னும் கொஞ்சம் இருக்கா, அத்தை? வெல்லந்தான் ஒரு பொட்டுக் கம்மி."

சவரிநாதனும் சேவுகனும் குதிருக்குப் பின்னாலிருந்து வந்தபோது, அந்த அறையில் யாருக்கும் அதிர்ச்சி அடையக்கூடத் தெம்பு இல்லை. பேஷ்கார்தான் முதலில் சுதாரித்தார். அழுவதற்கு எடுத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பால் குடுக்கிறது எந்தச் சட்டத்துல குத்தம்?"

"எந்தச் சட்டத்துலயும் இல்லங்க," என்றார் சவரிநாதன். அதை ஒப்புக்கொள்ள அவருக்கு வலித்தது. "கேஸ் நிக்காது."

"அப்ப நீங்க ஒண்ணும் கண்டுபிடிக்கல."

"வெஷம் வைக்கிறது யாருன்னு கேட்டீங்கள்ல? மூணு பேரும் ஆளுக்கு ஒண்ணாக் கொண்டாந்தீங்களே."

"சார்," என்றாள் அமராவதி, "உங்க கார் விராலிமலைப் பக்கம் போகுங்களா?"

"போகும்மா."

அவள் எழுந்தாள். தலை சுற்றியது போலிருக்கிறது. ஒரு கணம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு கணத்தில் மூன்று முகங்களிலும் பழைய நம்பிக்கை எட்டிப் பார்த்துவிட்டுப் போனதைச் சேவுகன் கண்டான்.

பேஷ்கார் வழியை மறித்தார். "இந்த வீட்டுல இருந்து மருமகளைத் திருப்பி அனுப்பின..."

"நீங்க அனுப்பல மாமா. நானாத்தான் போறேன். ஊர்ல கேட்டா முருகன் கூப்பிட்டான்னு சொல்லிக்கிடுங்க. எங்கப்பா சொன்னப்ப நம்புனாங்க, நீங்க சொன்னாலும் நம்புவாங்க."

பேஷ்கார் அதை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். கௌரவமாகத்தான் இருந்தது. விலகி வழிவிட்டார்.

கொல்லை வாசல் வரைக்கும் கண்ணுசாமி பின்னாலேயே வந்தான். அல்வாப் பொட்டலத்திலிருந்து எண்ணெய் அவன் மணிக்கட்டில் வழிந்துகொண்டிருந்தது. முகத்தில் பொய்யே இல்லை. நிஜமாகவே நொந்துபோயிருந்தான்.

"நீ பாட்டுக்கு உசுரோட போயி அங்க உக்காந்துக்கிட்டா, எனக்கு வேற கல்யாணம் எப்புடி ஆகும்?"

அமராவதி நின்று அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆகாதுங்க," என்றாள். "நான் பாத்துப் பாத்துத்தான் சாப்பிடுவேன். ரொம்ப நாள் இருப்பேன்."